எந்தப் பக்கம் நின்று

மூன்றாவது தடவை அடைக்கிறேன்
இதே ஓட்டையை.
சூரமங்கலத்தில், பழைய சரக்குக் கொட்டகைக்குப் பின்னால்.
ஒரு ஆள் குனிந்தால் போகலாம்,
சைக்கிளைச் சாய்த்தால் அதுவும் போகும்.

முதல் தடவை ஹாலோ பிளாக்.
பதினோரு நாள் தாங்கியது.
இரண்டாம் தடவை கருங்கல், ஒன்றுக்கு மூன்று கலவை,
மாதையன் மேஸ்திரி பக்கத்திலேயே நின்று
மூட்டையை எண்ணினார்.
பெயிண்டர் வந்து 'இது பொது வழி அல்ல' என்று
கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுப் போனார்.
ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் அது.
பிள்ளையார் சதுர்த்திக்குள்
கல்லெல்லாம் ஓரமாய் அடுக்கியிருந்தது.
உடைத்தவர்கள் நல்லவர்கள்,
ஒரு கல்லையும் வீணாக்கவில்லை.
'அல்ல' இருந்த கல் மட்டும் பெயர்ந்து போய்
'இது பொது வழி' என்று நின்றது சுவர்.

ஏன் உடைக்கிறார்கள் என்று
வெயிலில் டை கட்டிய ஒருவர் கேட்டார்.
எனக்குத் தெரியும், சொல்லவில்லை.
பாலம் ஏறிச் சுற்றினால் இரண்டேகால் கிலோமீட்டர்.
சுரங்கப்பாதையில் புரட்டாசி மழை முழங்கால் வரை,
மோட்டார் இருக்கிறது,
ஓட்டுகிறவருக்கு மாற்றல்.
இந்தப் பக்கம் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பட்டறை, பஸ்.
அந்தப் பக்கம் வீடு.
நடுவில் நாலு தண்டவாளம்,
இருபத்தாறு எட்டு.

டீசல் ஓடின காலத்தில்
காதுக்கு முன்னால் காலுக்குக் கேட்கும்,
செருப்புக்கடியில் ஜல்லி முனகும்.
இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு
பூனை மாதிரி வருகிறது.
தூரத்தில் தெரிகிறதே என்று நினைப்பதற்குள்
பக்கத்தில்.

தெய்வானை அவசரக்காரி இல்லை.
கேட்டவர்களிடமெல்லாம் இதைத்தான் சொன்னேன்.
சரக்கு வண்டி போகட்டும் என்று நின்றவள்.
மேட்டூருக்கு நிலக்கரி, முழு நீளம்.
கடைசிப் பெட்டி தாண்டியதும் காலெடுத்து வைத்தாள்.
எதிர்த் தடத்தில் வந்த இன்னொன்றின் சத்தத்தை
சரக்கு வண்டியின் சத்தம்
தின்றுவிட்டிருந்தது.

பையில் கொலுசு.
சலங்கை கோக்க எடை போட்டுக் கொடுத்தது.
'அத்துமீறி நுழைந்தவர், பெண், சுமார் முப்பத்தைந்து' என்று
ரயில்வே போலீஸ் எழுதி முடிக்குமுன்
பட்டறைக்காரர் தராசோடு வந்தார்.
குறை சொல்ல முடியாது, அவருக்கும் மேலே ஒருவர்.
இரண்டு பையன்களை விட்டு
ஜல்லியைக் கிளறிப் பொறுக்கினார்கள்.
பதினான்கு கிராம் குறைந்தது.
கூலியில் கழித்தார்களா,
தெரியாது.

இன்று அடிக்கல்லைச் சுரண்டும்போது
கரண்டி நுனியில் ஒரு சலங்கை.
மிளகு அளவு, கறுத்துப்போய்.
ஆட்டினேன், உள்ளே மண்.
ஊதினேன்.
மேஸ்திரி பார்க்கவில்லை என்று பார்த்துக்கொண்டு
வெற்றிலைப் பையில் போட்டேன்.
எதற்கு என்றால் சொல்லத் தெரியவில்லை.
திருட்டு என்றால் திருட்டுதான்.

இந்தத் தடவை கம்பி கட்டி கான்கிரீட்.
மேலே கண்ணாடிச் சில்லு.
சட்டி, மண்வெட்டி, சாரப் பலகை எல்லாம் ஏற்றிக்கொண்டு
மேஸ்திரியின் வண்டி போய்விட்டது.
உள்பக்கப் பூச்சு மட்டும் பாக்கி என்று
மட்டப்பலகை போட்டு இழுத்து முடித்த பிறகுதான் பார்த்தேன்
நான் தண்டவாளப் பக்கம் நிற்கிறேன்.
என் வீடு எதிரே.
தெய்வானை வீட்டுக்கு நாலு கதவு தள்ளி.

ஏற்காட்டு மலையில்
வளைவுக்கு ஒன்றாய் விளக்கு ஏறிக்கொண்டிருந்தது.
சுவர் ஈரம், ஏறினால் பூச்சு போகும்.
சரக்கு ஒன்று வந்தது.
எண்ணினேன், நாற்பத்து மூன்றில் விட்டுப்போனது.
கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கும் போனது.
நிற்கிறேன்.
எதிர்த் தடம் காலியாகத்தான் தெரிகிறது.
நிற்கிறேன்.

முதுகுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் புறம்
யாரோ உள்ளங்கையால் தடவுகிற சத்தம்,
காய்ந்ததா என்று பார்க்கிற மாதிரி.
"அண்ணா, இப்பத்தான் அடைச்சீங்களா?"

"ஆமாம்மா.
சுத்திப் போ" என்றேன்,
ஒரு கால் ஏற்கெனவே
ஜல்லியின் மேல்.